ஆர் என்றால் பின்சக்கரம்

வறட்சி வந்த வருஷம் அது. ஜூலை பாதி தாண்டியும் மக்காச்சோளம் இடுப்புயரம்கூட வளரவில்லை. இலைகள் சுருட்டு மாதிரி சுருண்டு நின்றன. நெப்ராஸ்காவின் வடக்கு மூலையில் இருபதாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடந்த ஸ்டானெக் என்ற அந்தச் சின்ன ஊரில் யாரும் வானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசிப் பேசி அலுத்துவிட்டார்கள்.

ஊரில் ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை. அதில் ஆர்லிஸ் வோண்ட்ரா சமையல்காரி. வெள்ளிக்கிழமை என்றால் சில்லி வேக வேண்டும், பக்கத்தில் லவங்கப்பட்டை ரோலும் வேக வேண்டும். அரைத்த மாட்டிறைச்சியும் பீன்ஸும் மிளகாய்ப்பொடியும் சேர்ந்து கொதிக்கும் அந்தக் குழம்பில் இனிப்பு ரோலை முக்கித் தின்பது அந்தப் பக்கத்து ஆட்களின் பழக்கம். வெளியே நூற்றைந்து டிகிரி அடித்தாலும் விடமாட்டார்கள். ஆர்லிஸ் அன்று விடிகாலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு, ஒன்பது மணிவாக்கில் வீட்டுக்கு ஓடி மகளையும் மருமகனையும் வழியனுப்பிவிட்டு, திரும்பவும் அடுப்படிக்கு வந்திருந்தாள்.

மகள் ஜோலீன். மருமகன் கர்ட் வெல்டிங் வேலை தெரிந்தவன். வயோமிங்கில் குழாய் பதிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை லாரிக்காரனிடம் முன்னமே ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் கர்ட்டின் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் தோல் பை, பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரம். அவ்வளவு பாரத்துக்கும் நடுவில் ஜோலீன் அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினாள். ஆர்லிஸின் புருஷன் எமில் கொட்டகை வாசலில் நின்று, ஆட்டாத கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

பத்து மணிக் காப்பிக்கு எமில் கடைக்கு வந்தான். அவன் மேஜையில் லம்பெர்ட்டும் மைலோ குசேராவும் உட்கார்ந்திருந்தார்கள். லம்பெர்ட் பக்கத்துப் பண்ணை, வாய் நீளம். மைலோ வட்டாரம் முழுக்க மோட்டார் சைக்கிள் சாமான் விற்றுக்கொண்டு திரிகிறவன். காப்பிக்கு யார் காசு என்று தாயக்கட்டை உருட்டினார்கள். எமில் ஜெயித்தான். அதனாலோ என்னவோ, வழக்கத்துக்கு மாறாகப் பேச்சு வந்தது.

"நேத்து சாயங்காலம் அவன் வண்டிக்குப் பின் டயர் நான்தான் மாத்துனேன்," என்றான். "பய பழைய டயர்லயே போறேன்னு நின்னான். நடுவுல மொட்டையாக் கெடந்துச்சு. அவன் அங்கிட்டு கூடாரத்தச் சுருட்டிக்கிட்டு இருந்தான். இங்கிட்டு நான் சக்கரத்தக் கழட்டிட்டேன்."

"நீயா? மருமகனுக்கா?" லம்பெர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏ ஆர்லிஸ், கேட்டியா? ஒன் வீட்டுக்காரனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் தட்டு நீட்டும் சன்னல். அதன் வழியாக ஆர்லிஸ், "அத நான் நேத்தே கேட்டுட்டேன். ஒனக்கு ரோல் வேணுமா, வேணாமா?" என்றாள்.

"டயர் எங்க புடிச்சே?" என்றான் மைலோ.

"போன மாசம் ஏலத்துல. குவியலோட வந்துச்சு. புத்தம் புதுசு, மேல முடிகூடப் போகல. அளவு பதினாறு, இவன் சக்கரமும் பதினாறு. முன்னாடி பின்னாடி ரெண்டும் பதினாறுதான், அதனால இது எதுக்குள்ளதுன்னு ஒரு சந்தேகம். அப்பறம் பாத்தா, பக்கத்துலயே போட்டிருக்கான், ஆர்-னு. ரியர். பின்சக்கரம். முடிஞ்சு போச்சு."

மைலோ சிரித்தான். லம்பெர்ட்டும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

"என்னடா இளிப்பு?" என்றான் எமில். "ட்ராக்டர் டயர்ல என்ன போட்டிருக்கு? ஆர் ஒண்ணு, ஆர் ரெண்டு. எல்லாம் பின்சக்கரம். முன்சக்கரத்துக்கு எஃப். எங்கப்பா காலத்துலருந்து அதுதான்."

"அது ட்ராக்டர்டா. அங்க அது தனியா ஒரு மூலையில இருக்கும். நீ பாத்த ஆர் எங்க இருந்துச்சு? அளவு நம்பருக்கு நடுவுலதானே?"

"நடுவுலதான்."

"அது ரேடியல். நடுவுல கோடு போட்டிருந்தா சாதா டயர். பி போட்டிருந்தா பட்டை வச்ச சாதா டயர்."

"அப்ப பி-ன்னா பின்னாடி இல்லையா?" என்றான் லம்பெர்ட்.

மைலோ இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மேஜையில் கிடந்த வைக்கோல் கட்டும் சணல் கயிறு ஒன்றை எடுத்தான். அந்த ஊரில் எந்த மேஜையிலும் ஒன்று கிடக்கும். அதைக் காப்பிக் கோப்பையில் சாய்வாக ஒரு பக்கமும், மறுசாய்வாக இன்னொரு பக்கமும் சுற்றினான்.

"சாதா டயருக்குள்ள நூல் இப்படிப் போகும். ஒரு அடுக்கு இந்தப் பக்கம் சாயும், மேல் அடுக்கு அந்தப் பக்கம் சாயும். ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக் கெடக்கும். அதனால ஒடம்பு பூரா ஒரே வெறப்பு. பாரம் தாங்கும். ஆனா நூலும் நூலும் ஒரசி ஒரசிச் சூடாகும். பட்டை வச்சதுன்னா இதே பின்னல், மேல தார் ரோட்டுல படுற எடத்துல மட்டும் ஒரு பட்டை சேத்துச் சுத்தியிருப்பான்." கயிற்றைப் பிரித்தான். "ரேடியல்ல பின்னலே கெடையாது. நூல் இந்த விளிம்புலருந்து அந்த விளிம்புக்கு நேரா போகும், பீப்பாய்ப் பலகை மாதிரி. மேல பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுற மாதிரி பட்டை. ரோட்டுல படுற எடம் கெட்டி. பக்கச் சுவர் மெத்து மெத்துன்னு இருக்கும். சுத்துறப்ப அது பாட்டுக்கு அமுங்கும், நிமிரும். மூணு நாலு வருஷமாத்தான் ரெண்டு சக்கரத்துக்கு வருது. வேக வண்டிக்காரங்க போடுறாங்க. முன்னாடி சாதா, பின்னாடி ரேடியல்னு கலந்து போடுறதே தப்பு. வண்டிக்கு முன்னாடி ஒரு பாஷை, பின்னாடி ஒரு பாஷை. வளைவுல..."

அங்கேயே நிறுத்தினான். சிரிப்பும் நின்றது.

"எமில். அவன் வண்டி கம்பிச் சக்கரமா?"

"ஆமா."

"அப்ப உள்ள ட்யூப் இருக்கும். எந்த ட்யூப் போட்டே?"

"அதே பழைய ட்யூப்தான். நல்லாத்தான் இருந்துச்சு. பவுடர் தடவி..."

மைலோ கயிற்றைக் கீழே வைத்தான். "சாதா டயர் ட்யூபு ரேடியலுக்குள்ள நிக்காதுடா. அந்தச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் அமுங்கி அமுங்கி அதத் தேய்க்கும். ரெண்டு ஆளு, மூட்டை, இந்த வெயில். எழுபது மைல் வேகத்துல போனா சூடாகி எங்கயாவது பொத்துக்கும். பொத்துக்கிட்டா மெதுவா எறங்காது. ஒரே மூச்சுல போயிடும்."

சன்னலில் ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தட்டு. அதைச் சன்னல் பலகையில் வைத்தாள், அடுப்பை அணைத்தாள், முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். முதலாளிக்காரியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"எந்திரி," என்றாள் எமிலிடம்.

பிக்கப் வண்டியின் உள்பக்கம் அடுப்பு மாதிரி இருந்தது. எமில் ஓட்டினான். ஆர்லிஸ் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவைப் போட்டு, லாரிக்காரர்கள் பேசும் பத்தொன்பதாம் எண்ணுக்குத் திருப்பினாள். பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேலையும் அவள் பார்ப்பதுண்டு. ரேடியோவில் அவளுக்குச் சிவப்புக் கோழி என்று பேர்.

"மேற்கேயிருந்து வர்றவங்க யாராச்சும் இருக்கீங்களா? சிவப்புக் கோழி பேசுறேன். இருபதாம் ரோட்டுல ஒரு மோட்டார் சைக்கிள். கறுப்பு. ஆணும் பொண்ணும். பின்னால பச்சைக் கூடாரம். பாத்தவங்க சொல்லுங்க."

கரகரவென்று சத்தம். ஒன்றும் வரவில்லை. இரண்டு பக்கமும் காய்ந்த வைக்கோல் நிலம். சாலையின் தொலைவில் தண்ணீர் நிற்பது போலத் தெரிந்து, போகப் போக விலகிக்கொண்டே இருந்தது.

"மைலோ எப்பவுமே ரெண்டு மடங்கா சொல்லுவான்," என்றான் எமில். "சாமான் விக்கிறவன்."

ஆர்லிஸ் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

"நான் வேணும்னேயா பண்ணுனேன்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீதானே சொன்னே. போறவன்கிட்ட ஒரு நாளாவது மனுஷனா நடந்துக்கன்னு. நாலு வருஷமா ஒனக்கு அதே பாட்டு."

"கை குடுன்னு சொன்னேன் எமில். ஒரு பீர் ஒடச்சுக் குடுன்னு சொன்னேன். சக்கரத்தக் கழட்டுன்னு சொல்லல."

"கை குடுக்கத் தெரிஞ்சா குடுத்திருக்க மாட்டேனா," என்றான் எமில். வேகமானியின் முள் எண்பதைத் தொட்டது. ஸ்டியரிங் உதறியது. அந்த வண்டி அந்த வேகத்தில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஆர்லிஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கொட்டகைத் தரையில் எமில் சக்கரத்தைப் படுக்கப் போட்டு முழங்காலில் அமுக்கி, சோப்புத் தண்ணீர் அடித்து, டயர் நெம்பும் இரும்பை ஒன்று மாற்றி ஒன்று செருகிக்கொண்டிருந்தான். விளிம்பு 'டப்'பென்று உட்கார்ந்தபோது அவன் முகத்தில் ஒரு திருப்தி. அவளும் கதவோரம் நின்று அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பினாள். சந்தோஷமாகத்தான் திரும்பினாள்.

பாசெட் ஊர் தாண்டியதும் ரேடியோ பேசியது.

"சிவப்புக் கோழி, இங்க ஒத்தக் கண்ணன். மாடு ஏத்திக்கிட்டுக் கெழக்க வர்றேன். நீ கேட்ட புள்ளைங்களப் பாத்தேன். எயின்ஸ்வொர்த்துக்குக் கிட்ட. காலையில."

"எப்படிப் போனாங்க?"

"நல்லாத்தான் போனாங்க. வேகமா. அந்தப் பொண்ணு எனக்குக் கைகூடக் காட்டுச்சு. ஏன், வீட்ட விட்டு ஓடிட்டாங்களா?"

"என் மக. பின் டயர் சரியில்ல. பாத்தா நிறுத்தச் சொல்லணும். பின்னால வர்றவங்களுக்கும் சொல்லு."

"சொல்றேன் கோழி. சொல்றேன்." கேலி குரலிலிருந்து போய்விட்டது.

வேகமா என்ற சொல் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. எமில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

வாலன்டைன் ஊருக்குள் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். எமில் குழாயைச் செருகிக்கொண்டிருக்கையில் ஆர்லிஸ் உள்ளே ஓடிக் கேட்டாள். கல்லாவிலிருந்த பெண், "ஆமா, இங்கதான் நின்னாங்க," என்றாள். "பொண்ணு உள்ள பாத்ரூம் போயிட்டு வந்தது. பையன் வெளிய பின் சக்கரத்துக்கிட்டக் குந்திக்கிட்டே இருந்தான். ரொம்ப நேரம். நான்கூட எதையோ தொலைச்சுட்டான்னு நெனச்சேன்."

ஆர்லிஸ் அதை எமிலிடம் சொன்னாள். அவன் முகம் தெளிந்தது.

"அப்ப பாத்துட்டான். பாத்தா இங்கயே மாத்தியிருப்பான். இல்லன்னா எங்கயாச்சும் நிறுத்தியிருப்பான். அவன் ஒண்ணும் முட்டாப்பய இல்ல."

நான்கு வருஷத்தில் எமில் அவனைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. ஆர்லிஸ் ஊரில் இருந்த இரண்டு பட்டறைகளிலும் இறங்கிக் கேட்டாள். யாரும் வரவில்லை என்றார்கள்.

அதற்கு அப்பால் மணல் குன்றுகள். வீடு இல்லை, மரம் இல்லை. புல் காய்ந்து வெளுத்துப்போய்க் குன்றுக்குப் பின் குன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. குன்றுக்கு நடுவில் ரேடியோவும் சரியாக எடுக்கவில்லை. ஆர்லிஸ் கேட்டுக்கொண்டே வந்தாள். கோடி என்ற ஊர் தாண்டியபின் ஒரு குரல் துண்டு துண்டாக வந்தது.

"...கூடாரம் கட்டுன வண்டிதானே? மெதுவாப் போறாங்க. நாப்பதுகூட இருக்காது. பின்பக்கம் ஆடுது. குடிச்ச மாடு மாதிரி... நான் ஹாரன் அடிச்சேன். கை காட்டிட்டுப் போயிட்டான்..."

"நிறுத்தினானா? நிறுத்தினானா?" என்றாள் ஆர்லிஸ். ஒன்றும் திரும்பி வரவில்லை. ரேடியோ மைக்கின் பொத்தானை அழுத்திய விரலை அவள் எடுக்கவே இல்லை. அழுத்தியிருந்தால் எதிர்ப்பக்கம் கேட்காது என்பதை எமில்தான் அவள் கையைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

மெர்ரிமன் ஊருக்கு முன்னால் ஒரு நீள ஏற்றம். அதன் உச்சியில் ஏறியபோது கீழே சாலை நேராகக் கிடந்தது. தார் மேல் வளைந்து வளைந்து ஒரு கறுப்புக் கோடு. அது சாலையை விட்டு வலதுபக்கப் பள்ளத்தில் இறங்கியது. புல் மேல் ஒரு சக்கரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எமிலின் கால் தானாக ப்ரேக்குக்குப் போனது. "நான் பாக்க மாட்டேன் ஆர்லிஸ்," என்றான். வண்டி நடுரோட்டில் நின்றது. "நீ போ. நீ போய்ப் பாரு."

அவள் இறங்கி ஓடினாள். வயது ஐம்பத்தாறு, முழங்கால் வாதம். ஓடினாள்.

ஜோலீன் பள்ளத்தின் கரையில் கூடாரச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் கர்ட்டின் சட்டையைச் சுற்றியிருந்தது. சட்டையில் ரத்தம். முகத்தில் புல்லும் மண்ணும். கர்ட் வெறும் உடம்போடு பக்கத்தில் நின்றான். தோள் முழுக்கச் சிராய்ப்பு.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஜோலீன். "தோல்தான் போச்சு. நீ எப்படி இங்க?"

ஆர்லிஸ் மகளின் தலை, கழுத்து, இடுப்பு, கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கன்று ஈன்ற பசுவைப் பார்ப்பது போல. எல்லாம் இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

எமில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மெதுவாக வந்தான். மகளைப் பார்த்தான். நேராகப் பின்சக்கரத்துக்குப் போய்க் குந்தினான். டயரைத் தொட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். இன்னும் சுட்டது.

"ஆணி ஏறியிருக்கும் சார்," என்றான் கர்ட். மாமனாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான்கு வருஷமாக அவன் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "ரோடு பூரா கெடக்கு. யாருக்கும் நடக்கும்."

எமில் அவனை நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமா," என்றான். "ஆணிதான் போல."

"வேலி போடுறவனுங்க சிந்திட்டுப் போறானுங்க."

"அதேதான். மருந்துக்கும் அக்கறை கெடையாது."

இரண்டு பேரும் சக்கரத்தைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டார்கள். நான்கு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அந்த ஆணி.

"எங்க?" என்றாள் ஜோலீன்.

"என்ன எங்க?"

"ஆணி. எங்க இருக்கு, காட்டு."

யாரும் காட்டவில்லை. காற்று புல்லில் உரசிக்கொண்டு போனது.

"வாலன்டைன்லருந்து நாப்பதுலதான் வந்தே," என்றாள் ஜோலீன் கர்ட்டிடம். "ஏன்னு கேட்டேன். இன்ஜின் சூடாகுதுன்னே. வால் ஆடுதேன்னு கேட்டேன். காத்துன்னே. லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்ப நிறுத்துன்னேன். நிறுத்தல."

"ஜோ..."

"பங்க்குல குந்திக்கிட்டு என்ன பாத்தே?"

கர்ட் தரையைப் பார்த்தான். காதுமடல் சிவந்தது. "தொட்டுப் பாத்தேன். ரொம்பச் சூடா இருந்துச்சு. அப்பறம் எழுத்தப் பாத்தேன். ஆர்-னு இருந்துச்சு. ரேடியல். இந்தச் சக்கரத்துக்கு ஆகாது."

"தெரிஞ்சும் அவள ஏத்திக்கிட்டுப் போனியா?" ஆர்லிஸின் குரல் உயரவில்லை.

"மெதுவாப் போனா தாங்கும்னு நெனச்சேன். மேற்கால கோர்டன் ஊருல போய் யாருக்கும் தெரியாம மாத்திடலாம்னு." அவன் எமிலைப் பார்க்காமலே எமில் பக்கம் தலையைச் சாய்த்தான். "நாலு வருஷத்துல சார் எனக்குன்னு ஒரு வேலை செஞ்சது அதுதான். ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள கழட்டிப் போட்டுட்டேன்னு அவரு காதுக்குப் போனா? பங்க்குக்காரன் ஒருத்தன்கிட்டச் சொன்னா போதும், சாயங்காலம் ஸ்டானெக்ல சிரிப்பாங்க."

எமில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஆணி இல்ல," என்றான். "ட்ராக்டர் நெனப்புல மாட்டுனேன். ஆர்-ன்னா பின்னாடின்னு. நான்தான்."

அதைச் சொல்ல அவன் என்ன பாடுபட்டானோ, அதற்காக யாரும் அவனை மெச்சவில்லை. ஜோலீன் எழுந்து நின்றாள். வலித்ததில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்க என் முதுகெலும்புதான் கெடச்சுதா?" என்றாள். "ஒருத்தன் கேக்காம மாட்டுறான். ஒருத்தன் சொல்லாம ஓட்டுறான். வாயத் தொறந்தா செத்தா போயிடுவீங்க? வாயத் தொறக்காமதான் நான் சாகப் பாத்தேன்."

கர்ட் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டினாள். நிறுத்தினான்.

"சாவி குடுப்பா."

எமில் கொடுத்தான்.

வண்டியை ஏற்றுவது லேசான காரியமில்லை. ஜோலீன் பிக்கப்பைப் பின்பக்கமாகப் பள்ளத்துக்குள் இறக்கி, பின்கதவைக் கரையோடு சமமாக ஒட்டி நிறுத்தினாள். ஆண்கள் இருவரும் மோட்டார் சைக்கிளை நிமிர்த்திக் கரைமேல் தள்ளி, அங்கிருந்து பிக்கப்பில் கிடந்த பலகையைப் போட்டு உருட்டினார்கள். காற்றில்லாத பின் டயர் மடங்கி மடங்கி இழுத்தது. ஒருவன் கைப்பிடியையும் ஒருவன் இருக்கையையும் பிடித்து முக்கினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. ஏற்றி முடித்தபோது இரண்டு பேருக்கும் வாயில் நுரை தள்ளியது.

மோட்டார் சைக்கிளைக் கட்டக் கயிறு இல்லை. எமில் வழக்கமாக வைத்திருக்கும் சங்கிலியையும் அவசரத்தில் எடுத்து வரவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் புடிச்சுக்கிட்டு வாங்க," என்றாள் ஜோலீன். "ஆளுக்கு ஒரு பக்கம்."

முன்னால் அம்மாவும் மகளும் ஏறினார்கள். ஜோலீன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், அடிபட்ட கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் ஆர்லிஸ். கேட்கக் கூடாதென்று நினைத்திருந்தாள், கேட்டுவிட்டாள்.

"திங்கக்கெழம அவனுக்கு வேல ஆரம்பிக்குது. மேற்காலதான். கோர்டன்ல கைக்கு மருந்து போட்டுக்கறேன். அப்பறம் யோசிக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "அங்க போயும் யோசிக்கலாம்," என்றாள்.

வண்டி கிளம்பியது. ஆர்லிஸ் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எமில் ஒரு பக்கம், கர்ட் ஒரு பக்கம், நடுவில் மோட்டார் சைக்கிள். சுட்ட தகரத்தில் உட்கார முடியாமல் குந்தினார்கள், எழுந்தார்கள், திரும்பக் குந்தினார்கள். வளைவு வந்தபோது மோட்டார் சைக்கிளின் பாரம் முழுக்க எமில்மேல் சாய்ந்தது. கர்ட் மறுபக்கமிருந்து இழுத்து நிறுத்தினான்.

பத்து மைல் போயிருக்கும். பின்கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். இருக்கைக்கு அடியில் தண்ணீர்க் கேன் இருந்தது. ஆர்லிஸ் குனிந்தாள்.

"வேணாம்மா," என்றாள் ஜோலீன். "வாயால கேக்கட்டும்."

திரும்பவும் தட்டினார்கள். ஜோலீன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள். தட்டுவது நின்றது. இன்னும் இரண்டு மைல் போனது. அப்புறம் காற்றுக்கு மேலாக எமில் தண்ணீர் கேட்டுக் கத்துவது காதில் விழுந்தது. ஒரு நொடி விட்டுக் கர்ட்டும் கத்தினான்.